ஏரிக்கரை ஊரில் என் பங்கு

தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு என் தம்பி ஊரிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்திருந்தான். ஒரு பையில் புது அரிசியும் சுரைக்காயும் அம்மா கொடுத்தனுப்பிய காராமணியும் இருந்தன. இன்னொரு பையில் ஒரு காகிதம். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவன், காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து வேணும். நிலத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். பிளாட் போடறவங்க கேக்கறாங்க. உனக்கும் ஒரு தொகை வரும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறந்த வீட்டில் எனக்குப் பங்கு என்றால் பொங்கல் வரிசையும் மஞ்சள் குங்குமமும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது என் கையெழுத்து இல்லாமல் இரண்டு ஏக்கர் நிலம் கை மாறாது என்கிறான்!

பக்கத்துத் தெருவில் இருக்கும் வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் பிறப்பால் சம பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டதாம். 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா உயில் எழுதாமல் காலமானால் அவருடைய பங்கு மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். எங்கள் அப்பா 2019-ல் போனார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். சகோதரிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

தம்பியிடம், "உடனே கேட்டா எப்படிடா? நான் ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துட்டுச் சொல்றேன்" என்றேன். "வா, வந்து பாரு. நீயே சொல்லுவே" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

கூப்பிடு தூரத்தில் ஒரு காடு

எங்கள் ஊர் வரைபடத்தில் தூரம் ஒன்றும் இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போய், அங்கிருந்து உள்ளே போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதை விட்டால் ஏரிக்கரை மேல் மூன்று கிலோமீட்டர் நடை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். உலகமெல்லாம் வந்து பார்க்கிற ஊர். 2022-ல் அங்கே சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்கோ, இரவு எட்டு மணிக்கு மேல் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு வரவழைப்பதற்குள் விடிந்துவிடும்.

ஆனாலும் ஏரிக்கரையில் கால் வைத்ததும் என் மனசு லேசாகிவிட்டது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை 'ஏரி மாவட்டம்' என்றே சொல்வார்கள். பெரிய ஆற்று அணை எதுவும் இங்கே கிடையாது. பாலாறு வருஷத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் வருஷம் முழுவதும் பிழைப்பு. அதற்காகவே முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். அரசின் நீர்வளத்துறை பார்த்துக்கொள்கிற ஏரிகள் மட்டுமே இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 500-க்கு மேல் இருக்கின்றன.

ஏரி என்றால் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் என்று டவுனில் வளர்ந்த பிள்ளைகள் நினைக்கலாம். அப்படி இல்லை. மேலே உள்ள ஏரி நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழே உள்ள ஏரிக்கு வரும். அது வரத்துக் கால்வாய். நம் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். நடுவில் ஒருவர் கால்வாயை மறித்து வீடு கட்டினால் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் காயும். வயலுக்கு மதகு வழியாகத் தண்ணீர் விடுவார்கள். யாருக்கு எத்தனை நாழிகை என்று பார்த்துத் திறந்துவிட 'நீர்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். எங்கள் ஊரின் கடைசி நீர்கட்டி நான் பத்தாவது படிக்கும்போது போனார். அவருடைய மகன் கல்பாக்கத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான்.

இந்த ஏற்பாடு எத்தனை பழையது தெரியுமா? எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. 1,100 வருஷத்துக்கு முந்தியது. ஊர்ப் பெரியவர்களைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்ததும், ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனியாக வைத்ததும் அதில் இருக்கிறது. அந்த வாரியத்தில் பெண்கள் இல்லை. இன்று நிலைமை வேறு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது. 2016-ல் வந்த சட்டம் அதைப் பாதியாக்கியது. செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில், எங்கள் வார்டில் நின்று ஜெயித்தவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்!

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1700-களின் கடைசியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் என்கிற வெள்ளைக்காரர், மழை இரவில் கரை உடையுமோ என்று பயந்து போய்ப் பார்த்தபோது, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் நின்று காவல் காத்ததைக் கண்டார் என்பது கதை. கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். சாமியையே கரையில் நிறுத்திக் காவல் காக்க வைத்த ஜனங்கள் ஏரியை எப்படி நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேடந்தாங்கலிலும் இதே கதைதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

அம்மாவின் நாளும் தம்பி மனைவியின் நாளும்

நான் போன மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கே அடுப்படியில் சத்தம் கேட்டது. தம்பி மனைவி எழுந்துவிட்டாள். அவள் பிளஸ் டூ படித்தவள். மாட்டுக் கொட்டில் பெருக்கி, பால் கறந்து, சங்கத்துக்குக் கொண்டு போய் ஊற்றி, பிள்ளைகளை எழுப்பி, சோறு வடித்து, ஏழு மணிக்குக் களை பறிக்கக் கிளம்பிவிடுகிறாள். தம்பி மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் இராத்திரி ஷிப்டு. ஊரின் முக்குக்கு வருகிற கம்பெனி வேனில் போய், காலையில் கண் சிவக்கத் திரும்பி வருகிறான். ஆக, விவசாயம் செய்வது யார்? பட்டாவில் அப்பா பெயர். ரேஷன் கார்டில் 'விவசாயி' என்று தம்பி. வயலில் நிற்பது என்னவோ அம்மாவும் மருமகளும்தான்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எங்கள் பக்கம் மூன்று பட்டம். ஏரி நிறைந்த வருஷம் இரண்டு பட்டம் எடுக்கலாம். நடவுக்குப் பெண்கள் சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். "இடுப்பு நோவுதும்மா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், இத்தனை வருஷம் நான் டவுனில் இருந்து தைலம் வாங்கி அனுப்பியதோடு சரி. இந்தத் தடவைதான் கவனித்தேன். தம்பி மனைவியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. மாடிப்படி இல்லாத வீட்டிலேயே மூச்சு வாங்குகிறாள். வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப் போய்க் காட்டினேன். "ரத்தம் கம்மியா இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருந்தேனே, சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். மாத்திரை அப்படியே பெட்டியில் இருந்தது. "சாப்பிட்டா வயித்தைப் பிரட்டுது அண்ணி" என்றாள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறாள்! சாப்பாட்டுக்குப் பிறகு போடு, கூடவே டீ, காபி குடிக்காதே, எலுமிச்சம் பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று செவிலியர் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டைச் சுற்றி முருங்கை. வரப்பில் பொன்னாங்கண்ணி. கொல்லையில் பப்பாளி. அத்தனையும் கூடையில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. விளைய வைத்தவள் தட்டில் விழுவது குழம்பும் சோறும்தான். கிராமத்தில் ஆரோக்கியமாகச் சாப்பிடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விற்றது போக மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதே நிஜம். அன்றைக்கு நான் ஒரு விதி போட்டேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக் கீரையில் முதல் பங்கு வீட்டுக்கு, மிச்சம்தான் கூடைக்கு. அம்மா சிரித்தாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

வைக்கோல் போரில் ஒரு மாலை

நான் இருந்த அந்தப் பத்து நாளில் ஒரு சம்பவம். பொழுது சாய்கிற நேரம். பக்கத்து வீட்டு மருமகள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனாள். கணுக்காலில் சுருக்கென்றது. பாம்பு ஓடியதைப் பார்த்திருக்கிறாள். ஊரே கூடிவிட்டது. ஒருவர் கயிறு கொண்டு வந்தார். இன்னொருவர் பிளேடு எடுக்கச் சொன்னார். மந்திரிக்கிறவரைக் கூட்டி வரச் சைக்கிள் கிளம்பியது. அந்தச் சமயத்தில் என் தம்பி மனைவி ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள்! "யாரும் கையை வைக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணியாச்சு." அந்தப் பெண்ணை அசையாமல் படுக்க வைத்து, கொலுசையும் மெட்டியையும் கழற்றி, காலை ஒரு மட்டையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டினாள். வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நாலாம் நாள் அந்தப் பெண் நடந்து வீடு வந்தாள்.

"எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். நாமும் தெரிந்து வைத்துக்கொள்வோம். கடித்த இடத்தை வெட்டக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. இறுக்கிக் கட்டக்கூடாது. நடக்க விடக்கூடாது. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஒரு நிமிஷமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த மருந்துக்கும் எங்கள் மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் இருளர்கள் பிடித்து வந்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகிற விஷத்தில் பெரும் பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2023-ல் இருளர் இருவருக்கு, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும், பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எங்கள் வயல்களில் எலி வளை வெட்ட வருகிறவர்களின் கைவித்தை உயிர் காக்கிற மருந்தாகிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லாத ஊர் என்று எதைச் சொல்வது?

நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கு

தம்பியை நான் தப்பாக நினைக்கவில்லை. அவன் மனைவி பள்ளிக்கூட நோட்டில் வரவு செலவு எழுதி வைத்திருந்தாள். போன சம்பாவின் கணக்கை அப்படியே தருகிறேன். இரண்டு ஏக்கருக்கு உழவு 9,000. விதையும் நாற்றங்காலும் 4,000. நடவு 12,000. களை 8,000. உரம், மருந்து 13,000. அறுப்பு மிஷின் 7,500. சாக்கு, வண்டிக்கூலி, மற்றது 4,500. ஆக 58,000 ரூபாய்.

விளைந்தது 75 கிலோ மூட்டையில் 56. வீட்டுக்கு 10 எடுத்து வைத்தார்கள். மிச்சம் 46-ஐ வியாபாரி மூட்டை 1,450 ரூபாய்க்கு எடுத்தார். வந்தது 66,700. கையில் நின்றது 8,700 ரூபாய்! நாலு மாசம் இரண்டு பெண்கள் உழைத்த உழைப்புக்குக் கூலியே அதில் போடவில்லை.

"கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகலையா?" என்று கேட்டேன். 2025-26 பருவத்தில் அங்கே சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் மூட்டைக்கு 1,875 வரும். ஆனால் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிஷின் அறுப்பு நெல் ஈரமாக வரும். காய வைத்தாக வேண்டும். ஊர்ப் பழைய களம் பெயர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது. அந்த வாரம் வானம் மூடியிருந்தது. முளைத்துவிடுமோ என்ற பயத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். 46 மூட்டைக்கு 19,550 ரூபாய் வித்தியாசம். ஒரு களம் இல்லாததற்கு விலை அது.

அதோடு வானத்தின் விளையாட்டும் இருக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. அந்த டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்தது. 2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அன்றைக்குக் கதிர் வாங்கி நின்ற பயிர் படுத்ததை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறாள்.

கல் பசுவும் நிஜப் பசுவும்

ஒருநாள் தம்பி மனைவியோடு கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். வழியெல்லாம் கலர் கலராகக் கொடிகள், வாசல் வளைவுகள், 'வீட்டுமனை விற்பனைக்கு' என்ற போர்டுகள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016-ல் ஐகோர்ட் சொன்ன பிறகு அங்கீகாரம் வாங்கித்தான் போடுகிறார்கள். ஆனால் போடாமல் விடவில்லை. நடுநடுவே தர்பூசணி வயல்கள். எங்கள் செய்யூர், மதுராந்தகம் பக்கத்து மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்ற பயிர் அது. 2025 கோடையில் "ஊசி போட்டு நிறமேற்றுகிறார்கள்" என்று ஒரு பேச்சு பரவியதே, நினைவிருக்கிறதா? நானும்தான் பயந்து வாங்காமல் விட்டேன். அந்த வருஷம் பழங்கள் வயலிலேயே அழுகின என்று இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டபோது எனக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை.

கீரை விற்றதும் கிருஷ்ண மண்டபத்துக்குப் போனோம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்க, அதன் கீழே ஆயர்பாடியே குடியிருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. 1,300 வருஷத்துக்கு முன் பல்லவர் காலத்துச் சிற்பி எங்கள் ஊர்க் கொட்டிலைப் பார்த்துத்தான் செதுக்கினாரோ என்று தோன்றும். வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பாத்தீங்களா அண்ணி, கல்லுப் பசுவைப் பாக்கக் கப்பல் ஏறி வராங்க. நெசப் பசு எங்க வூட்ல நிக்குது. தவிட்டு விலைக்கும் பால் விலைக்கும் கட்டி வரலை."

நான் சிரித்துவிட்டேன். பிறகு நாள் முழுக்க அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் பாலித் தீவில் எங்களைப் போலவே நெல் விவசாயிகள் இருக்கிறார்கள். என் மகள் கல்லூரிப் பாடத்துக்காகப் படித்தபோது எனக்கும் சொன்னாள். அங்கே மலைச் சரிவில் படிப்படியாக வயல்கள். ஒரே கால்வாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் சேர்ந்து 'சுபாக்' என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் முறை, நடவு நாள் எல்லாம் தண்ணீர்க் கோயிலில் கூடித்தான் முடிவாகும். ஆயிரம் வருஷத்துக்கு மேலான பழக்கம். யுனெஸ்கோ 1984-ல் மாமல்லபுரத்துச் சின்னங்களை உலக மரபுச் சொத்து என்று சேர்த்தது. 2012-ல் பாலியின் வயல்களையும் தண்ணீர் சங்கத்தையும் சேர்த்தது. இங்கே கல்லுக்குக் கிடைத்த மரியாதை அங்கே வயலுக்கே கிடைத்தது! ஆனாலும் அங்கேயும் இளைஞர்கள் ஓட்டல் வேலைக்குப் போகிறார்கள்; வயல்கள் ஓட்டல்களாகின்றன. மரியாதை மட்டும் இருந்து, விளைந்ததற்கு விலை இல்லாவிட்டால் எந்த ஊரில்தான் பிள்ளைகள் மண்ணில் இறங்குவார்கள்?

நாங்கள் பேசி முடித்தது

ஒன்பதாம் நாள் இராத்திரி, தம்பிக்கு லீவு. திண்ணையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். "நிலத்தை வித்தா உனக்குக் கடன் அடையும், பிள்ளைங்க படிப்புக்குப் பணம் இருக்கும். அது நெசம். வித்த பிறகு அம்மாவும் இவளும் என்ன செய்வாங்க, சொல்லு."

அவன் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும், "நான் செத்த பிறகு வித்துக்கோங்க" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறார்கள். "அதெல்லாம் வேணாம்மா, கணக்கைப் பேசுவோம்" என்றேன்.

நெல்லாக விற்றால் மூட்டை 1,450. அரைத்து அரிசியாக விற்றால்? 75 கிலோ நெல்லுக்கு 45 கிலோ அரிசிக்குக் குறையாது. செங்கல்பட்டில் நானே கிலோ 50, 60 கொடுத்து வாங்குகிறேன். 50 என்றே வைத்தாலும் 2,250 ரூபாய். அரவைக்கூலி, வண்டிக்கூலி 250 போனாலும் 2,000 நிற்கும். என் தெருவில் ஆறு வீடுகள் வருஷ அரிசி வாங்கிக்கொள்ள நான் பொறுப்பு. தம்பி மனைவிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே 'செங்கல்பட்டு சிறுமணி' என்று ஒரு பழைய நெல் உண்டு. அதைக் கால் ஏக்கரில் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். குழுவில் இருக்கிற நாலு பெண்களும் சேர்கிறார்களாம்.

களத்துக்கு என்ன வழி? என் சீட்டுப் பணம் இந்த மாசம் விழுந்தது. வளையல் வாங்க வைத்திருந்தேன். அதில் பெரிய தார்ப்பாய் நாலு வாங்கவும், பழைய களத்தைக் கொத்திப் பூசவும் கொடுக்கிறேன் என்றேன். களம் ஊருக்குப் பொது. வார்டு உறுப்பினரான என் பள்ளித் தோழி, ஊராட்சியில் எழுதிக் கேட்கிறேன், மழைக்கு முன்னால் வரத்துக் கால்வாயையும் தூர்வார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஏரி நிறையாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது என்பது அவளுக்கும் தெரியும்.

தம்பி நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு வருஷம் பாக்கலாம் அக்கா. ஆவலைன்னா நீ கையெழுத்துப் போடணும்" என்றான். சரி என்றேன். நியாயமான பேச்சுதானே? கம்பெனி வேலையை அவன் விடப் போவதில்லை, விடவும் வேண்டாம். பிள்ளைகள் படித்து வெளியே போகட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022-ல் மாசம் 1,000 ரூபாய்த் திட்டம் வந்த பிறகு, எங்கள் ஊரிலிருந்து நாலு பெண்கள் செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போனார்கள். போகட்டும். ஆனால் திரும்பி வர நினைத்தால் வந்து நிற்க ஒரு துண்டு நிலமும், அதற்கு ஒரு மதகுத் தண்ணீரும் இருக்க வேண்டும். விற்ற நிலத்தைச் சம்பளத்தில் மறுபடி வாங்கியவரை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இப்படி ஒரு பிறந்த ஊர் இருக்கும். அப்பாவின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பங்கு கேட்டுச் சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. படிக்காமல், பார்க்காமல் அதைப் போட்டுவிடாதீர்கள். வருஷ அரிசி வாங்கும்போது ஊரில் விளைந்ததா என்று விசாரியுங்கள். ஏதோ ஒரு வதந்தியைக் கேட்டு ஒரு பழத்தை ஒதுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

பத்தாம் நாள் காலை பஸ்ஸில் ஏற்றிவிட அம்மா ஏரிக்கரை வரைக்கும் வந்தாள். ஏரியில் பாதித் தண்ணீர் நின்றது. "நவரைக்குக் காணும்" என்றாள், கண்ணாலேயே அளந்து. அந்தக் காகிதம் இப்போது என் பீரோவில், புடவைக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. மேலே, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில், தெருவில் அரிசி கேட்ட ஆறு வீடுகளின் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அது எட்டாயிற்று.